முதல் வேலை, மூன்று கடன்கள்: எதை முதலில் தீர்ப்பது?

தறிக்காரர் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் குமாரபாளையத்தைச் சேர்ந்தவள். கடந்த மே மாதம் பொறியியல் படிப்பை முடித்து, செப்டம்பர் முதல் சென்னை சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வருங்கால வைப்புநிதி பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 26,800 ரூபாய். சாப்பாட்டுடன் சேர்த்து விடுதிக்கு 8,500, பேருந்து, கைப்பேசி, இதர செலவுகளுக்கு 3,500, வீட்டுக்கு அனுப்புவது 8,000. மீதி 6,800 ரூபாயைச் செலவழிக்காமல் வைத்ததில் இன்று கணக்கில் 31,000 ரூபாய் இருக்கிறது.

வீட்டில் மூன்று கடன்கள் உள்ளன. முதலாவது என் கல்விக்கடன். ஆண்டுக்கு 90,000 வீதம் நான்கு ஆண்டுகளில் 3,60,000 ரூபாய் வாங்கினோம். வட்டி 10.5 சதவீதம். வரும் ஜூன் மாதம் தவணை தொடங்கும்போது வட்டியையும் சேர்த்து ஏறக்குறைய 5 லட்சம் நிற்கும் என்று கிளையில் சொன்னார்கள். இரண்டாவது, கல்லூரி விடுதிக் கட்டணத்துக்காக அம்மா அடகுக்கடையில் வைத்த நகை. 3 பவுன் சங்கிலி 75,000 ரூபாய்க்கும், 2 பவுன் வளையல்கள் 45,000 ரூபாய்க்கும் தனித்தனி ரசீதில் இருக்கின்றன. இரண்டு வட்டி. நான் அனுப்பும் பணத்தில் மாதம் 2,400 ரூபாயை அம்மா வட்டியாகவே கட்டிவிடுகிறார். மூன்றாவது, அப்பா வேலை செய்யும் விசைத்தறிப் பட்டறையின் முதலாளியிடம் வாங்கியிருக்கும் 60,000 ரூபாய் முன்பணம், எங்கள் பக்கத்தில் இதைப் பாக்கி என்போம். இதற்கு வட்டி கிடையாது. பாக்கி தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஆளுக்கொரு யோசனை சொல்வதால் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. காப்பீட்டு முகவராக இருக்கும் மாமா, மாதம் 3,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் கட்டும் ஒரு பாலிசியை எடுத்தால் சேமிப்பும் ஆகும், வருமான வரியும் மிச்சமாகும் என்கிறார். அம்மா, எங்கள் தெருவில் ஓர் அக்கா நடத்தும் 1 லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் சேரச் சொல்கிறார். அலுவலகத் தோழிகள் பரஸ்பர நிதியில் மாதாந்திர முதலீடு தொடங்கிவிட்டார்கள். 60,000 ரூபாய் வரம்புள்ள கடன் அட்டை தருவதாக வங்கியிலிருந்து வாரம் ஒருமுறை அழைக்கிறார்கள். தம்பி இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறான், அவன் படிப்புக்கும் கடன்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இந்த 31,000 ரூபாயையும், மாதாமாதம் மிஞ்சும் 6,800 ரூபாயையும் எதில் போடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


ஓய்வுபெற்ற கிளை மேலாளர் எழுதியது:

வணக்கம் அம்மா. கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடன் மேசையில் இருந்தவன் என்பதால், எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் கல்விக்கடனுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் வந்திருக்கிறதா? பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு, படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் சேர்ந்த தவணை விடுப்புக் காலத்தின் வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் திட்டம் அது. 3,60,000 ரூபாய் 5 லட்சத்தை நெருங்குகிறது என்றால் மானியம் எதுவும் வரவாகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடன் வாங்கியபோது வட்டாட்சியர் அலுவலக வருமானச் சான்றிதழைக் கொடுத்தீர்களா என்று வீட்டில் கேளுங்கள். கடன் கணக்கின் முழு அறிக்கையையும் கிளையிலிருந்து வாங்கிப் பாருங்கள். காலம் கடந்தபின் மானியத்தைக் கேட்டுப் பெறுவது எளிதல்ல. ஆனாலும் சான்றிதழ் கொடுத்திருந்து, கிளை அதை மேலே அனுப்பாமல் விட்டிருந்தால் எழுத்து மூலமாகக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஏறக்குறைய 1,30,000 ரூபாய் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் ஒரு நாள் விடுப்பு எடுத்தாவது கிளைக்குப் போய்வருவது நல்லது.

அடுத்து நகை. உங்கள் மூன்று கடன்களில் உண்மையில் வீட்டைத் தின்றுகொண்டிருப்பது இதுதான். இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். அதே நகையை வங்கியில் வைத்தால் 9 சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும். ஆனால் வங்கியில் வைக்க வேண்டுமென்றால் முதலில் கடையிலிருந்து மீட்க வேண்டும், மீட்கப் பணம் வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் நின்றுவிடுகின்றன, நகையும் சில ஆண்டுகளில் மூழ்கிப்போகிறது. உங்கள் அம்மா நகையைத் தனித்தனி ரசீதில் வைத்தது, தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, மிக நல்ல காரியம். கையில் இருக்கும் 31,000 ரூபாயோடு இரண்டு மாத மீதத்தைச் சேர்த்தால் 45,000 ரூபாயை ஏறக்குறைய எட்டிவிடும். அதைக் கொண்டு வளையல்களை மட்டும் மீட்டு, மறுநாளே வங்கியில் வையுங்கள். இன்றைய தங்க விலைக்கு 2 பவுனின் பேரில் 75,000 ரூபாய் தாராளமாகக் கிடைக்கும். அந்தப் பணத்தை அப்படியே கொண்டுபோய்ச் சங்கிலியை மீட்டுவிடுங்கள். இப்போது சங்கிலி வீட்டில் இருக்கும். வங்கியில் 75,000 ரூபாய் கடன் நிற்கும், அதன் வட்டி மாதத்துக்கு 560 ரூபாயை ஒட்டித்தான் வரும். 2,400 ரூபாய் போய்க்கொண்டிருந்த இடத்தில் 560 போகிறது என்றால், மாதம் 1,800 ரூபாய்க்கு மேல் உங்கள் வீட்டுக்குச் சம்பள உயர்வு வந்ததற்குச் சமம். வங்கி நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுத் தவணையில் இருக்கும் என்பதால், முடியும் தேதியைக் கைப்பேசியில் குறித்துவைத்துக்கொண்டு அதற்குள் அசலைச் சிறிது சிறிதாகக் கட்டிவாருங்கள்.

கல்விக்கடனைப் பொறுத்தவரை, ஜூன் மாதம் 5 லட்சம் நிற்கிறது என்றே வைத்துக்கொண்டால், 5 ஆண்டுகளில் கட்ட மாதத் தவணை 10,750 ரூபாயை ஒட்டியும், 10 ஆண்டுகளில் கட்ட 6,750 ரூபாயை ஒட்டியும் வரும். 10 ஆண்டில் நீங்கள் கட்டும் வட்டி மட்டும் 3 லட்சத்தைத் தாண்டும், 5 ஆண்டில் அது ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கும். ஆனாலும் 10 ஆண்டுத் தவணையையே கேட்டு வாங்குங்கள் என்பது என் ஆலோசனை. கூடுதலாகக் கட்டுவதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள், குறைவாகக் கட்டினால்தான் தொல்லை. சம்பளம் உயர்ந்தபின் மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்தி வந்தால் கடன் 6 ஆண்டுகளுக்குள்ளேயே முடிந்துவிடும். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். உங்கள் அப்பாவும் அந்தக் கடனில் இணைக் கடன்தாரராக இருப்பார் என்பதால் அவருடைய கடன் மதிப்பெண்ணும் விழும். நாளை தம்பியின் கல்விக்கடன் விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தான்.

பாக்கிக்கு வட்டி இல்லை என்பதால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.


அடையாறு வாசி எழுதியது:

ஐயா சொன்ன நகைக் கணக்கு அருமையானது. ஆனால் வளையலை மீட்டவுடன் கையில் ஒரு ரூபாய்கூட இல்லாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. சென்னையில் தனியாக இருக்கும் பெண், திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் போய் நிற்பார்? 5,000 ரூபாயாவது தொடாமல் வைத்துக்கொண்டு, வளையலை இன்னொரு மாதம் தள்ளி மீட்கலாம் என்பது என் எண்ணம்.

மாமாவின் பாலிசியைப் பற்றி யாராவது நேராகச் சொல்ல வேண்டும் என்பதால் நானே சொல்கிறேன். வருமான வரி மிச்சமாகும் என்ற வாதம் உங்களுக்குப் பொருந்தாது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், சம்பளம் வாங்குபவர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவையும் சேர்த்து 12.75 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. உங்கள் ஆண்டுச் சம்பளம் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. இல்லாத வரியை மிச்சப்படுத்த மாதம் 3,000 ரூபாய் கட்டுவதில் பொருள் இல்லை. கல்விக்கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு என்று யாராவது சொன்னாலும் இதே பதில்தான், அது பழைய வரி முறைக்கு மட்டுமே உரியது. இத்தகைய சேமிப்புப் பாலிசிகள் ஆண்டுக்கு 5, 6 சதவீதத்துக்கு மேல் வளர்வது அரிது. 24 சதவீதத்துக்கும் 10.5 சதவீதத்துக்கும் கடன் வைத்துக்கொண்டு 6 சதவீதத்துக்குச் சேமிப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போன்றது. உறவு கெடக்கூடாது என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பெரும்பகுதிப் பணத்தைத் திரும்பப் பெற முடியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மாமாவிடம் மறுப்புச் சொல்லத் தயக்கமாக இருந்தால், கல்விக்கடன் தவணை தொடங்கியபின் பார்க்கலாம் என்று சொல்லுங்கள், அது பொய்யும் அல்ல.

ஆனால் காப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வருமானத்தை நம்பி இருக்கும் குடும்பம் அது. சேமிப்பு எதுவும் கலக்காத கால வரம்புக் காப்பீட்டுக்கு உங்கள் வயதில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும், அதையும் மாமாவிடமே கேட்டு வாங்கலாம். அதற்கு முன்பாக, செலவே இல்லாத ஒன்றைச் செய்து முடியுங்கள். வைப்புநிதியில் உறுப்பினராக இருப்பவர் பணியில் இருக்கும்போது இறந்தால், அந்த நிதியோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அந்தப் பணமும் வைப்புநிதியும் அலைச்சல் இல்லாமல் போய்ச்சேர வேண்டுமென்றால் வாரிசு நியமனத்தை இணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பல ஆண்டுகளாகியும் இதைச் செய்யவில்லை.

வைப்புநிதியைப் பற்றி இன்னொன்று. முதல் வேலையை விட்டு அடுத்த வேலைக்குப் போகும்போது அந்தப் பணத்தை எடுத்துச் செலவழிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 2024-25க்கு அதன் வட்டி 8.25 சதவீதம், வேறெந்தப் பாதுகாப்பான இடத்திலும் இவ்வளவு எளிதில் கிடைக்காது. மொத்தம் 5 ஆண்டுப் பணி முடியுமுன் எடுத்தால் அந்தத் தொகை வரிக் கணக்கிலும் சேரும். வேலை மாறினாலும் மாறாத பொதுக் கணக்கு எண்ணை (யுஏஎன்) வைத்துப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடன் அட்டை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு வங்கியின் அட்டையில் கைப்பேசி வாங்கி, 20,000 ரூபாய் நிலுவையானது. குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய் கட்டினால் போதும் என்று அறிக்கையில் அச்சிட்டிருந்ததை நம்பி அதையே கட்டிவந்தேன். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 700 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126 ரூபாய். ஆக, நான் கட்டிய ஆயிரத்தில் அசலுக்குப் போனது 174 ரூபாய்தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. அந்தக் கணக்கை என் கையால் போட்டுப் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை. முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்ட முடியும் என்ற நிலை வரும்வரை, அந்த வாராந்திர அழைப்புக்கு வேண்டாம் என்ற ஒரே பதில் போதும்.

பரஸ்பர நிதி நல்லதுதான், நானும் பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் குறியீட்டு நிதியில் போட்டுவருகிறேன். ஆனால் நகைக்கடன் தீர்ந்தபின் பேச வேண்டிய விஷயம் அது. தோழிகளுக்குக் கடன் இல்லாமல் இருக்கலாம்.


பள்ளிபாளையத்துக்காரன் எழுதியது:

ஐயா பாக்கியை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார், அடையாறு வாசி அதைத் தொடவே இல்லை. வட்டி இல்லாத கடன் என்று படித்தவுடன் அதைக் கடைசிக்குத் தள்ளுவது வங்கிக் கணக்குக்குச் சரியாக வரும், தறிப் பட்டறைக் கணக்குக்கு வராது. நானும் தறிக்காரர் மகன் என்பதால் சொல்கிறேன்.

பாக்கிக்கு வட்டி இருக்கிறது தங்கையே, அது ரசீதில் எழுதப்படுவதில்லை. பாக்கி வைத்திருக்கும் ஆள் கூலி உயர்வு கேட்க முடியாது. பக்கத்துப் பட்டறையில் வாரத்துக்கு இருநூறு முந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தாலும் போக முடியாது. போக வேண்டுமென்றால் புதிய முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும், அப்போது பாக்கியும் ஆளோடு சேர்ந்தே இடம் மாறும். உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் வராவிட்டால், பாக்கி வாங்கியது நினைவிருக்கிறதா என்று வீட்டுக்கே ஆள் வந்து கேட்பதைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். இப்படிக் கடனுக்காக ஒருவருடைய உழைப்பைக் கட்டிவைப்பதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுவதைவிடப் பணத்தைக் கொடுத்து விடுபடுவதையே எங்கள் ஊரில் மரியாதை என்று நினைக்கிறார்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைப்பார்.

நான் வேலைக்குப் போன இரண்டாம் ஆண்டில் என் அப்பாவின் 35,000 ரூபாய் பாக்கியைக் கட்டினேன். அடுத்த மாதமே அவர் வேறு பட்டறைக்கு மாறினார், வாரக் கூலியில் 350 ரூபாய் கூடியது. ஆண்டுக் கணக்கில் 18,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. 35,000 ரூபாய் முதலுக்கு ஆண்டுக்கு 18,000 ரூபாய் வருமானம் தரும் பரஸ்பர நிதி ஏதாவது இருந்தால் அடையாறு வாசி எனக்குச் சொல்லட்டும்.

ஐயா சொன்ன வழியையே இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோகலாம் என்று தோன்றுகிறது. வளையலை மீட்டு, வங்கியில் வைத்து, சங்கிலியை மீட்டபின் அந்தச் சங்கிலி வீட்டில் சும்மாதான் இருக்கப்போகிறது. அதையும் வங்கியில் வைத்து 60,000 ரூபாய் வாங்கிப் பாக்கியை ஒரே நாளில் முடித்துவிட்டால், மாதம் 450 ரூபாய்தான் வட்டி. அப்பாவின் வாரக் கூலி நூறு ரூபாய்க்குச் சற்று மேல் கூடினாலே அந்த வட்டி கட்டிவிடும்.


தறிக்காரர் மகள் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வருமானச் சான்றிதழை முதலாம் ஆண்டில் கொடுத்ததாக அம்மா உறுதியாகச் சொல்கிறார். அதன் நகலும் ஒரு பையில் கிடைத்திருக்கிறது. கடன் கணக்கின் அறிக்கையை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன், மானியம் என்ற பெயரில் எந்த வரவும் இல்லை. ஐயா, சங்கிலியை மறுபடியும் வைப்பது பற்றி அண்ணன் சொல்வதை நீங்கள் ஏற்கிறீர்களா? வட்டியில்லாத கடனை வட்டியுள்ள கடனாக மாற்றுவதற்கு எனக்குக் கை வரவில்லை. சீட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, அம்மா தினமும் கேட்கிறார்.


மதுராந்தகம் அக்கா எழுதியது:

சீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். சீட்டு என்றாலே ஏமாற்று என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் அக்காவின் திருமணமும், எங்கள் வீட்டுக் கான்கிரீட் கூரையும் சீட்டுப் பணத்தில்தான் நடந்தன. மாதாமாதம் ஒருவர் வந்து வாசலில் நின்று கேட்கிறார் என்ற கூச்சத்திலேயே பணம் சேர்ந்துவிடும், வங்கிக் கணக்குக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

ஆனால் உங்கள் நிலையில் அதன் கணக்கைப் பாருங்கள். 1 லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், மாதம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஏலத்தில் 20,000 ரூபாயை விட்டுக்கொடுத்து, அதாவது தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 80,000 வரும். தள்ளியதில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 15,000 ரூபாய் 20 பேருக்கும் கசராக, அதாவது சமப் பங்காகப் பிரியும், ஆளுக்கு 750 ரூபாய். கடைசிவரை எடுக்காமல் இருப்பவர்தான் இதில் ஆதாயம் பார்ப்பார், அவசரத்துக்கு முதலில் எடுப்பவர் அந்த ஆதாயத்துக்கான விலையைக் கொடுப்பார். நகையை மீட்க வேண்டிய அவசரத்தில் இருக்கும் நீங்கள் சீட்டில் சேர்ந்தால் முதல் சில மாதங்களிலேயே எடுக்கத்தான் பார்ப்பீர்கள். மேலும், உங்கள் மாத மீதத்தில் 5,000 ரூபாய் சீட்டுக்குப் போய்விட்டால் ஜூன் மாதத் தவணைக்கு என்ன செய்வீர்கள்?

இன்னொன்று, 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்துபவர் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். கமிஷனுக்கும் 7 சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. தெருவில் நடத்தும் அக்கா நல்லவராகவே இருக்கலாம். எடுத்தவர்களில் இரண்டு பேர் கட்டாமல் ஊரைவிட்டுப் போனால் அந்த நல்லவர் என்ன செய்வார் என்பதுதான் கேள்வி, பதிவில்லாத சீட்டில் போன பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். அம்மாவிடம் மறுப்பாகச் சொல்லாமல், நகை வீட்டுக்கு வந்தபின் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். நகை வரப்போகிறது என்று கேட்டபின் எந்த அம்மாவும் சீட்டைப் பற்றிப் பேசமாட்டார்.


ஓய்வுபெற்ற கிளை மேலாளர் எழுதியது:

பள்ளிபாளையத்துத் தம்பி சொன்னதை நேற்று முழுவதும் யோசித்துப் பார்த்தேன். பாக்கியைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்று நான் எழுதியது, என் மேசைக்கு எப்போதும் வராத ஒரு கடனைப் பற்றி என் மேசையில் உட்கார்ந்தே எழுதிய வரி. அதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆனாலும் இரண்டு விஷயங்களை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்று, அப்பாவுக்கு வேறு பட்டறைக்கு மாறும் விருப்பம் இருக்கிறதா என்பது. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் ஓட்டிய தறியை விட்டுப்போக எல்லோருக்கும் மனம் வருவதில்லை. அவர் மாறப்போவதில்லை என்றால், சங்கிலியை வைத்துப் பாக்கியைக் கட்டுவதில் மாதம் 450 ரூபாய் நட்டம் மட்டுமே மிஞ்சும். இரண்டு, புதிய இடத்தில் கூடுதலாக என்ன கூலி என்பது வாய்ச்சொல்லாகவாவது தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியென்றால் தம்பியின் வழியே சிறந்தது. அந்த 60,000 ரூபாயைக் கொடுக்கும்போது பட்டறைக் கணக்குப் புத்தகத்தில் பாக்கி தீர்ந்தது என்று எழுதி வாங்கி, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடையாறு வாசி கேட்ட அவசரப் பணத்துக்கும் ஒரு வார்த்தை. 5,000 ரூபாயைத் தனியே வைப்பதை நானும் ஏற்கிறேன். அதற்காக வளையலை மேலும் ஒரு மாதம் தள்ளினால் கூடுதலாகப் போகும் வட்டி 1,800 ரூபாயை ஒட்டித்தான் வரும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். உங்கள் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரையும் சேர்க்க முடியுமா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். பல நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களுக்குள் மட்டுமே சேர்க்க அனுமதிப்பார்கள், அல்லது ஆண்டுப் புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டும்.

வட்டி மானியத்துக்கான மனுவில் கடன் கணக்கு எண், கல்லூரியின் பெயர், சான்றிதழின் தேதி மூன்றையும் எழுதி, நகலை இணைத்து, உங்கள் பிரதியில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு, கொடுக்காத மனு.


தறிக்காரர் மகள் எழுதியது:

கடந்த வாரம் விடுப்பெடுத்து ஊருக்குப் போயிருந்தேன். கிளையில் மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். அந்த ஆண்டின் கோரிக்கைப் பட்டியலில் என் பெயர் சேர்ந்ததா என்று பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். முப்பதாவது நாளை நாட்காட்டியில் வட்டமிட்டிருக்கிறேன். வைப்புநிதியில் அம்மாவையும் அப்பாவையும் வாரிசாகப் பதிவு செய்தாயிற்று. குழு மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க ஏப்ரல் மாதப் புதுப்பித்தலின்போது படிவம் தருவார்களாம், அதற்கு மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது இன்னும் தெரியவில்லை. மாமாவிடம் கால வரம்புக் காப்பீட்டைப் பற்றிக் கேட்டேன். முகம் சற்று வாடியது, ஆனால் விவரம் அனுப்பியிருக்கிறார்.

அடகுக்கடையில் வளையலுக்கு இன்றுவரையிலான வட்டிக் கணக்கைக் கேட்டு வைத்திருக்கிறோம். 5,000 ரூபாயை ஒதுக்கிவிட்டு, ஐயா சொன்னதுபோல ஒரு மாதம் தள்ளியே மீட்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அம்மா சீட்டைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

பாக்கியைப் பற்றி அப்பாவிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. சங்கிலியை வங்கியில் வைத்துக் கட்டிவிடலாமா, வேறு பட்டறைக்குப் போக விருப்பமா என்று கேட்டேன். அது என் கடன், நீ உன் கடனைப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு நாட்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நேற்று இரவு நான் சென்னைக்குப் பேருந்து ஏறும்போது, வங்கியில் அந்தச் சங்கிலிக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டார்.